எழுநூற்று இருபது: அகலமா, உயரமா?

நான் எழுதிய நிரல் என்று எடுத்துக் காட்ட என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. இருபத்தெட்டு வருஷ வேலையில் பாதிக்கு மேல் மற்றவர்கள் எழுதியதைப் படித்து, "சரி" அல்லது "வேண்டாம்" என்று சொன்னதுதான். வேண்டாம் சொன்னதுதான் ஜாஸ்தி. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

போன மாதம் பழைய ஆபீசிலிருந்து கவிதா போன் செய்தாள். என்னோடு ஆறேழு வருஷம் வேலை பார்த்தவள். நல்ல பெண், வாய்தான் கொஞ்சம் நீளம். "அக்கா, இப்பல்லாம் ரிவ்யூவ மெஷினே பண்ணிடுது. ரெண்டு நிமிஷம். நீங்கள்லாம் அப்ப நாள்கணக்கா உக்காந்து என்னத்ததான் பாத்தீங்க?" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. போனிலேயே பதில் சொன்னால் சண்டையாகிவிடும் என்பதால் எழுதுகிறேன். கவிதா, இது உனக்குத்தான். மற்றவர்களும் படிக்கலாம்.

வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கணினியில் ஒரு கேமராவைச் செருகினால் படம் தெரிகிறது அல்லவா? நடுவில் நின்று இரண்டையும் பேசவைக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அது இயங்குதளத்தின் அடிவயிற்றில் இருக்கும். அந்த இடத்தைக் கெர்னல் என்போம். எல்லா டிரைவர்களும் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்று, பொதுவாகச் சில சின்ன நிரல்துண்டுகளை எழுதிவைப்பார்கள். அவைதான் ஹெல்பர்கள். ஒரு டிரைவரில் தப்பு இருந்தால் ஒரு கேமரா கெடும். ஹெல்பரில் தப்பு இருந்தால் அதை நம்பிய அத்தனையும் கெடும்.

எங்களுடையது திறந்த கெர்னல். உலகத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதிப் பொது மின்னஞ்சல் பட்டியலுக்கு அனுப்பலாம். அதைப் பேட்ச் என்போம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படித்துத் திருப்தியானவர், "ரிவ்யூ செய்தவர்: இன்னார்" என்று ஒரே ஒரு வரி எழுதுவார். அந்த வரி பேட்ச்சோடு ஒட்டிக்கொண்டு கெர்னலின் வரலாற்றுக்குள் போய்விடும். பிறகு அழிக்க முடியாது. நாம் செத்த பிறகும் இருக்கும்.

கீழ்பென்னாத்தூரில் மணிலா, அதாவது வேர்க்கடலை, பயிர் வைத்த குடும்பம் எங்களுடையது. அங்கிருந்து வேலூரில் படிப்பு, சென்னையில் கம்பெனி, மகளிர் விடுதியில் மூன்று பேருக்கு ஓர் அறை. முதல் நான்கு வருஷம் மற்றவர்கள் சொன்ன இடத்தில் சொன்னதைத் தட்டினேன், அவ்வளவுதான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஐந்தாம் வருஷம் ஒரு காரியம் செய்தேன். பக்கத்து சீட்டுக்காரி ஒரு ஹெல்பர் எழுதியிருந்தாள். டீ குடிக்கப் போகும் அவசரத்தில், "பாத்துட்டேன்டி, நல்லாத்தான் இருக்கு" என்று என் பெயரைப் போட்டுவிட்டேன். உண்மையில் தலைப்பைத்தான் பார்த்திருந்தேன். கேமரா கிளம்பாவிட்டாலும் "கிளம்பிவிட்டது" என்று சொல்லும் ஹெல்பர் அது. பல நாடுகளில் பல பேர் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

துரைசாமி சார் எங்கள் பிரிவின் தலைவர். ராணிப்பேட்டைப் பக்கத்துக்காரர், குள்ளம், குரலை உயர்த்தவே மாட்டார். யார் சீட்டுக்குப் போனாலும் உட்காராமல் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார், முதுகு குறுகுறுக்கும். அன்றைக்கு அந்தப் பேட்ச்சை அச்செடுத்துக் கொண்டுவந்து, என் பெயருக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு, என் மேஜையில் வைத்தார்.

"இது யாரு?"

"நான்தான் சார்."

"படிச்சியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"படிக்காதவ பேரு இங்க எதுக்கும்மா?"

அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பேன். அந்தக் காகிதத்தை அவர் திரும்ப எடுத்துக்கொண்டுகூடப் போகவில்லை. சாயங்காலம் வரை அது என் மேஜையிலேயே கிடந்தது, போகிற வருகிறவர்கள் பார்க்கும்படி. மனுஷன் வேண்டுமென்றேதான் செய்தார். இன்றைக்கும் எனக்கு அதில் கோபம் உண்டு.

ஆனால் அவர் படிக்கும் முறை இருக்கிறதே, அதைத் திருடிக்கொண்டேன். அவர் எந்த ஹெல்பரையும் கடைசியிலிருந்துதான் படிப்பார். தோற்றுப்போனால் எந்த வழியாக வெளியே வருகிறது, வாங்கிய நினைவக இடத்தைத் திருப்பிக் கொடுத்ததா, இதெல்லாம் முதலில். அப்புறம்தான் வேலை செய்யும் பகுதி. கணக்கு வந்தால் கால்குலேட்டர் கூடாது, பென்சிலும் தாளும்தான். கட்டம் போட்டு, இடது பக்கம் உள்ளே போகும் எண், வலது பக்கம் வெளியே வரும் எண். "எல்லாரும் போடற நம்பரப் போடாத. அதுக்கு ஏற்கெனவே சரியாத்தான் வரும். எவனும் போடாத நம்பராப் பாத்துப் போடு" என்பார். நான் அதற்கு "கோண எண்" என்று பெயர் வைத்திருந்தேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரருக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை. வேங்கிக்காலில் வீடு கட்டினோம். நான் மட்டும் சென்னையில். எட்டு வருஷம் சனி, ஞாயிறுக்கு மட்டும் அம்மாவாக இருந்தேன். என் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் எனக்கு வியாழக்கிழமை தெரியும், சனிக்கிழமை பார்ப்பேன்; அதற்குள் காய்ச்சல் விட்டிருக்கும். கடைசியில் நச்சரித்து நச்சரித்து, வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆறு மாதத்துக்கு அனுமதி வாங்கினேன். "பாக்கலாம், ஒத்து வந்தா பாக்கலாம்" என்ற அனுமதி. சென்னையில் சில பேர், "சாந்தி மலையடிவாரத்துல உக்காந்து அரிசியில கல் பொறுக்கறா" என்று கேலி செய்வது என் காதுக்கு வந்தது.

ஐந்தாம் மாதம் யோனஸின் பேட்ச் வந்தது. யோனஸ் ஐரோப்பாவின் வடகோடியில் இருந்த ஒரு கெட்டிக்காரன். ஒரு படத்தை வைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று நாற்பது டிரைவர்கள் நாற்பது விதமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. அதை ஒரே ஹெல்பராக ஆக்கியிருந்தான். அழகான வேலை, எனக்கே பொறாமையாக இருந்தது. பன்னிரண்டு பேர் ஏற்கெனவே பெயர் போட்டிருந்தார்கள். எங்கள் கம்பெனியின் ஒரு பெரிய வாடிக்கையாளர் இதற்காகவே காத்திருந்தார்.

நான் வழக்கம்போலக் கட்டம் போட்டேன். படத்தில் வெளிச்சம் தனி, நிறம் தனி. நிறத்துக்கு அகலமும் பாதி போதும், உயரமும் பாதி போதும். படத்தைக் கணினிக்குள் எழுதும் சிப் எந்த வரியையும் முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகத்தான் எழுதும். குறைந்தால் நிரப்பி முழுசாக்கிக்கொள்ளும். யோனஸின் ஹெல்பர் முதலில் முழுசாக்கிவிட்டுப் பிறகு பாதியாக்கியது. அகலம் 640 என்றால் நிறத்துக்கு 320. 1280 என்றால் 640. 1920 என்றால் 960. எல்லாம் சரி. கோண எண் ஒன்றைப் போட்டேன்: 722. இடறியது. சில சிப்புகள் முதலில் பாதியாக்கிவிட்டுப் பிறகுதான் முழுசாக்கும். அவற்றுக்கு ஹெல்பர் வாங்கிக் கொடுக்கும் இடம் போதாது. சிப்புக்கு அது தெரியாது. அது பாட்டுக்குப் பக்கத்து இடத்தில், வேறு யாருடைய தகவல் மேலாவது எழுதிக்கொண்டு போகும்.

பட்டியலுக்கு எழுதினேன். "722 அகலத்தில் உலகத்தில் எந்தக் கேமராவும் இல்லை" என்று யோனஸ் பதில் போட்டான். நியாயம்தான். அப்படியானால் உண்மையிலேயே இருக்கிற அகலம் எது இடறும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். 720 வந்து நின்றது. பழைய டிவியின் அகலம். முழுசாக்கினால் 736, பாதி 368. ஆனால் சிப்போ பாதியாக்கி 360, முழுசாக்கி 384. வரிக்குப் பதினாறு குறைகிறது.

ஆனால் யோனஸின் பேட்ச்சிலேயே எழுதியிருந்தது: "480, 720, 1080 ஆகியவற்றில் சோதித்தாயிற்று." என் தாள் இடறும் என்கிறது, அவன் சோதனை சரி என்கிறது. ஒரு நாள் முழுக்க என் கணக்கைத்தான் சந்தேகப்பட்டேன். நான்கு தடவை திரும்பப் போட்டேன். மறுநாள் காலை குக்கர் வைத்துவிட்டு அந்த மூன்று எண்களையும் மறுபடி பார்க்கும்போதுதான் உறைத்தது. 480 அகலத்தில் எந்தக் கேமரா இருக்கிறது? 1080 அகலத்தில் எது? அட ராமா, இந்தப் பையன் சொல்வதெல்லாம் உயரம்! புது டிவியில் வளர்ந்தவர்கள் 720 என்றால் உயரத்தைச் சொல்வார்கள். அதன் அகலம் 1280. பழைய டிவியோடு மல்லுக்கட்டிய எங்களுக்கு 720 என்றால் அகலம், 576 உயரம். பன்னிரண்டு பேரும் "720 சோதித்தாயிற்று" என்ற வரியைப் படித்துத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பழைய ஆட்கள் அகலம் என்று நினைத்துக்கொண்டு, புது ஆட்கள் உயரம் என்று நினைத்துக்கொண்டு!

"உங்கள் 720 அகலமா, உயரமா?" என்று ஒரே வரியில் கேட்டேன். யோனஸுக்குக் கேள்வியே புரியவில்லை. "720 என்றால் 720. சோதனைப் பட்டியலைத் தயவுசெய்து படியுங்கள்" என்றான். இரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்பவர் மெயின்டெய்னர். அவர் கடைசியாக எழுதினார்: "தாளில் போட்ட கணக்கு போதாது. நிஜமான ஒரு மெஷினில் காட்டுங்கள். மூன்று நாள் தருகிறேன். இல்லையென்றால் சேர்த்துவிடுவேன்."

அரை மணியில் துரைசாமி சார் போன். "ஏம்மா சாந்தி, பன்னெண்டு பேரு போட்டாச்சு. உனக்கு மட்டும் இன்னாம்மா?"

"சார், இடம் கம்மியா வாங்குது. கணக்குல தெளிவா இருக்கு."

"கஸ்டமர் கழுத்தப் புடிக்கறான். திங்கக்கிழமை மீட்டிங்ல உன் வீட்டு வேலை விஷயமும் வருது. நான் இன்னான்னு சொல்றது? உக்காந்து தடுத்துக்கினு இருக்கான்னா?"

"படிக்காதவ பேரு எதுக்குன்னு நீங்கதான சார் கேட்டீங்க? நான் படிச்சிட்டேன். அதான் போட மாட்டேங்கறேன்."

"ஊம். மெஷின் ஒண்ணக் காட்டு. இல்லாட்டி பேரப் போட்டுட்டு மெட்ராஸ் வந்து சேரு" என்று வைத்துவிட்டார்.

பயந்துவிட்டேன், பொய் சொல்லவில்லை. ஒரு வரி எழுதினால் போதும், வீட்டிலேயே இருக்கலாம். எழுதாவிட்டால் மறுபடியும் விடுதி, மறுபடியும் சனிக்கிழமை அம்மா. அந்த மூன்று நாளில் முதல் நாள் பூராவும், டிவி படத்தைக் கணினிக்குள் எடுக்கும் பழைய டிவி கார்டு யாரிடம் இருக்கிறது என்று சென்னைக்கும் பெங்களூருக்கும் போன் போட்டே போனது. எல்லாரும் எடைக்குப் போட்டுவிட்டார்களாம்.

மறுநாள் சமையலறையில் நிற்கும்போது கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் லோக்கல் சேனல்: கிரிவலம் போகிறவர்களுக்கு அறிவிப்பு, ஜவுளிக்கடை விளம்பரம், கீழே ஓடும் வாழ்த்துகள். ஏண்டி சாந்தி, கேபிள்காரன் இன்னும் பழைய டிவியின் மஞ்சள் வயரில்தானே ஓட்டுகிறான் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

அந்தச் சேனலை நடத்துபவர் அன்வர் பாய். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் அவருடைய கண்ட்ரோல் ரூம். படியெல்லாம் வயர். மறுநாள் பௌர்ணமி; தெருவில் ஆட்டோ நகர வழியில்லை, மேலே அவருக்குப் போன் ஓயவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் பாதி புரிந்திருக்கலாம்.

"நாளைக்கு லைவ் இருக்குது மேடம். ஓடற சிஸ்டத்தத் தொடாதீங்க. ஸ்பேர் ஒண்ணு கீது, அதுல கார்டும் கீது. மதியத்துக்குள்ள முடிச்சிக் குடுத்துடுங்க. இன்னா?"

"டிஸ்க்கத் தொடவே மாட்டேன் பாய். பென்டிரைவ்லயே ஓட்டிக்கறேன்."

கார்டைத் துடைத்து எண்ணைப் பார்த்தேன். அந்த நாற்பதில் ஒன்று! பாதியாக்கிவிட்டு முழுசாக்கும் அதே சிப்! யோனஸின் ஹெல்பர் போட்ட கெர்னலைப் பென்டிரைவிலிருந்து கிளப்பினேன். ஹெல்பர் வாங்கிய இடத்துக்குப் பின்னால் ஒரே எண்ணைக் கோடு கட்டியதுபோல வரிசையாக நிரப்பிவைத்தேன். சிப் எல்லை மீறினால் அந்த எண்கள் அழிய வேண்டும். எத்தனை அழியும் என்பதும் என் தாளில் இருந்தது: வரிக்குப் பதினாறு, நிறத்துக்கு 288 வரி, நிறப் பகுதி இரண்டு. மொத்தம் 9216.

படத்தை ஓடவிட்டேன். பின்னால் போய்ப் பார்த்தேன். ஓர் எண்கூட அழியவில்லை.

மறுபடி ஓட்டினேன். அழியவில்லை. ஐந்து தடவை. மணி பன்னிரண்டைத் தாண்டியது. யோனஸ் சரி, பன்னிரண்டு பேரும் சரி, நான்தான் கல் பொறுக்குகிறவள் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லவேளை, மின்விசிறியைப் பார்ப்பதுபோல மேலே பார்த்துச் சமாளித்தேன்.

அன்வர் பாய் டீயோடு வந்தார். திரையை ஒரு நிமிஷம் பார்த்தார். முகம் கோணியது.

"இன்னா மேடம், என் சேனல் பேர்ல பாதியக் காணோம்?"

"என்ன பாய்?"

"ஓரத்துல பேரு வரும்ல, அத வெட்டிட்டீங்களே. அகலம் கம்மியா கீது பாருங்க. நான் அனுப்பறது இவ்ளோ அகலம் இல்ல, இன்னும் ஜாஸ்தி."

டீயைக் கீழே வைத்துவிட்டு அமைப்பைப் பார்த்தேன். நான் எழுதிய சோதனை நிரல் அகலத்தைத் தானாகவே 640 என்று எடுத்துக்கொண்டிருந்தது! கார்டு இரண்டு ஓரத்தையும் வெட்டியிருந்தது. உலகத்தையே அகலமா, உயரமா என்று கேட்டவள், என் அகலம் என்ன என்று பார்க்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே. பாய் பதறி, "பரவால்ல மேடம், பேரு போனா போவுது" என்றார்.

720 என்று தட்டினேன். சேனல் பெயர் முழுசாக வந்தது. ஒரு வினாடி ஓடவிட்டு நிறுத்தினேன். பின்னால் போய் அழிந்தவற்றை எண்ணச் சொன்னேன்.

9216.

ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. பென்சிலால் எழுதியது அப்படியே திரையில் நின்றது. நான் போட்ட கூச்சலில் கீழே பூக்கடைக்காரம்மா எட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவை சும்மா ஓடவிட்டேன். அரை நிமிஷத்தில் மெஷின் மொத்தமாக உறைந்துபோனது. ஒரு மெஷின் உறைந்ததற்கு வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. உறைந்த திரையையும் அந்த எண்ணையும் படம் பிடித்துக்கொண்டு, ஸ்பேரைப் பழையபடி கிளப்பிப் பாயிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

பட்டியலுக்குப் போட்ட அஞ்சலில் கோபமாக ஒரு வார்த்தை இல்லை. கணக்கு, படம், கடைசியில் அதே கேள்வி: "உங்கள் 720 அகலமா, உயரமா?" பிறகு யோனஸ் எழுதினான்: "உயரம். நான் பிறப்பதற்கு முன்பிருந்த அகலம் இது. எனக்குத் தோன்றவே இல்லை. என் தப்பு." சொல்லக்கூடாது, நல்ல பையன். மெயின்டெய்னர் அந்தப் பன்னிரண்டு பெயர்களையும் நீக்கினார். இனி யார் சோதித்தாலும் அகலம், உயரம் இரண்டையும் எழுத வேண்டும், ஒற்றை எண் செல்லாது என்று விதியே போட்டார். கடைசியில் ஒரு வரி: "சாந்தியின் பெயர் இல்லாமல் இது உள்ளே போகாது."

யோனஸ் திருத்தி அனுப்பினான். நாற்பது டிரைவருக்கும் கட்டம் போட எனக்கு இரண்டு நாள் பிடித்தது. நடுவில் துரைசாமி சார் போன் செய்தார்.

"இன்னும் போடலியா?"

"கணக்கு முடியல சார். ஏழு பாக்கி."

"ஊம். முடிச்சிட்டே போடு. கஸ்டமர நான் பாத்துக்கறேன்." வைத்துவிடுவார் என்று பார்த்தேன், வைக்கவில்லை. "மீட்டிங்ல சொல்லிட்டேன். நீ அங்கியே இருந்துக்கோ. இங்க வந்தா எவனாவது டீக்குக் கூப்புட்டுக்கினு போயிடுவான்." அந்த மனுஷன் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். வேலையை விடும் நாள் வரை வேங்கிக்காலிலேயே இருந்தேன். தினமும் அம்மாவாக இருந்தேன்.

கணக்கு முடிந்தது. என் பெயரைப் போடும் முன் இன்னொரு வழக்கம் பாக்கி இருந்தது. மெஷினில் ஓட்டிப் பார்க்க உதவியவர் பெயரையும் "சோதித்தவர்" என்று எழுதுவோம். புது ஹெல்பரையும் பாயின் ஸ்பேரில்தான் ஓட்டிப் பார்த்திருந்தேன். பக்கத்தில் நின்று படத்தை ஓரம் ஓரமாகப் பார்த்து "சரி" சொன்னவர் அவர்தான். போன் போட்டேன்.

"பாய், உங்க பேரப் போடப் போறேன்."

"என் பேரா? எங்க மேடம் வரும்? டிவியிலயா?"

"டிவிக்கு உள்ள பாய். இந்த கெர்னல் ஓடற கம்ப்யூட்டர் உலகத்துல எங்க இருந்தாலும், அதோட வரலாத்துல இருக்கும். அழிக்கவே முடியாது."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தத்தைப் பாய் குறைத்தது கேட்டது.

"அழிக்க முடியாதுன்னா எழுத்தப் பாத்துப் போடுங்க மேடம். ரேஷன் கார்டுல அன்பர்னு போட்டுட்டானுங்க. இதுலயாவது சரியா வரட்டும்."

ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொன்னேன். எழுதிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் திரும்பப் படித்துக் காட்டினேன். "கரெக்ட் மேடம்" என்றார். அதற்குக் கீழே என் பெயரைப் போட்டேன்.